பரு உள்ள முகத்துக்கு மேக்கப் போடலாமா? 'நான்-காமெடோஜெனிக்' லேபிளை மட்டும் நம்பி வாங்கினால் என்ன ஆகும்?

ஆபீஸ் கிளம்பும் அவசரம். கண்ணாடியைப் பார்த்தால் கன்னத்தில் நாலு பரு. மறைக்க ஒரு ஃபவுண்டேஷன், அதன் மேல் கன்சீலர், அதற்கும் மேல் காம்பாக்ட் பவுடர். அன்றைக்கு முகம் பளிச்சென்று இருக்கும். ஆனால் தினமும் இப்படியே போனால், ஒன்றிரண்டு மாதத்தில் அந்த நாலு பரு பத்தாகி, கூடவே தோலுக்கு அடியில் சின்னச் சின்ன பொரிப் பொரியாக ஏதோ தட்டுப்படும். அதை மறைக்க இன்னும் கொஞ்சம் கெட்டியாக மேக்கப். இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

"இந்த மேக்கப் எழவே வேணாம், தூக்கிப் போடு" என்பது வீட்டில் கிடைக்கும் அறிவுரை. "நான்-காமெடோஜெனிக்னு போட்டிருக்கு, தைரியமா எடுங்க" என்பது கடையில் கிடைக்கும் அறிவுரை. இரண்டுமே முழு உண்மை இல்லை. பரு வரும் சருமத்துக்கும் மேக்கப் போடலாம். ஆனால் டப்பாவில் எழுதியிருக்கும் ஒரு வார்த்தை மட்டும் முகத்தைக் காப்பாற்றாது. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு கெட்டியாகப் போடுகிறோம், எத்தனை மணி நேரம் வைத்திருக்கிறோம், எப்படிக் கழுவுகிறோம் என்ற நான்கும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

பரு எங்கிருந்து தொடங்குகிறது?

முகத்தில் இருக்கும் ஒவ்வொரு சருமத் துளையும் ஒரு சின்னக் குழாய் மாதிரி. அதன் அடியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் 'சீபம்' என்ற எண்ணெய் குழாய் வழியாக மேலே வந்து தோலை உலராமல் பார்த்துக்கொள்கிறது. குழாயின் உள்சுவரில் இருக்கும் பழைய செல்களும் உதிர்ந்து எண்ணெயோடு சேர்ந்து வெளியே வந்துவிடும்.

பரு வரும் சருமத்தில் இந்த ஒழுங்கு கெடுகிறது. எண்ணெய் அதிகம் சுரக்கிறது. உதிர வேண்டிய செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழாயை அடைக்கின்றன. இந்த அடைப்புக்குத்தான் 'காமெடோன்' என்று பெயர். வாய் திறந்திருந்தால் கரும்புள்ளி, மூடியிருந்தால் வெண்புள்ளி. கரும்புள்ளியின் கறுப்பு நிறம் அழுக்கு இல்லை. தோலின் நிறமியும் எண்ணெயும் காற்று பட்டு நிறம் மாறுவதுதான் அது. அதனால் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது.

அடைபட்ட இடத்தில் தோலிலேயே இயல்பாக வாழும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகி, வீக்கம் ஏற்பட்டால் அது சிவந்த பரு. சீழ் கோர்த்தால் பழுத்த பரு.

முக்கியமான விஷயம், இந்த அடைப்பு ஒரே ராத்திரியில் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத குட்டி அடைப்பாகத் தொடங்கி, பருவாக வெளியே தெரிய பல வாரங்கள் ஆகும். அதனால்தான் எந்தப் பொருளால் வந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். நேற்று புதிதாகப் போட்ட க்ரீமைத் திட்டுவோம். உண்மையான குற்றவாளி இரண்டு மாதமாகத் தினமும் போட்டுக்கொண்டிருக்கும் ஃபவுண்டேஷனாக இருக்கலாம்.

மேக்கப்பால் வரும் பருவுக்குத் தனிப் பெயர் உண்டு

அமெரிக்க ஆய்வாளர்கள் ஆல்பர்ட் க்ளிக்மன், ஓட்டோ மில்ஸ் இருவரும் 1972-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதை 'ஆக்னி காஸ்மெட்டிகா' என்று குறிப்பிட்டார்கள். டீன் ஏஜ் தாண்டிய பெண்களுக்கும் கன்னத்தில் விடாமல் வந்துகொண்டே இருக்கும் லேசான பருக்களுக்கு முகப்பூச்சுப் பொருட்கள் காரணமாக இருக்கலாம் என்று சுட்டிக்காட்டியது அந்தக் கட்டுரை.

இதை எப்படி அடையாளம் காண்பது?

• பெரிய பழுத்த பருக்களை விட, தோல் நிறத்திலேயே சின்னச் சின்ன மூடிய பொரிகள் அதிகம் இருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும்.

• எங்கே அதிகமாகப் பூசுகிறோமோ அங்கே அதிகம் இருக்கும். ப்ளஷ் போடும் கன்னமேடு, கன்சீலர் போடும் தாடை, லிப் பாம் படும் உதட்டோரம்.

• ஒரு பொருளைத் தொடங்கி வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து வரும். நிறுத்தினாலும் உடனே போகாது, மெதுவாகத்தான் குறையும்.

போட்ட அன்றைக்கே எரிச்சல், அரிப்பு, சிவப்பு என்று வந்தால் அது பெரும்பாலும் அடைப்பு இல்லை. அலர்ஜி அல்லது எரிச்சல். அந்தப் பொருளை அப்போதே நிறுத்திவிட வேண்டும்.

'நான்-காமெடோஜெனிக்' - இந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு?

'சருமத் துளைகளை அடைக்காது' என்பதுதான் இதன் பொருள். ஆனால் இந்த வார்த்தையை டப்பாவில் அச்சிட, உலகம் முழுக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே சோதனை என்று எதுவும் இல்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாக அமைப்பான எஃப்.டி.ஏ. கூட இதற்குச் சட்டபூர்வ விளக்கம் எதையும் வகுக்கவில்லை. ஒரு நிறுவனம் மனிதர்களின் தோலில் வாரக்கணக்கில் வைத்துப் பார்த்து எழுதலாம். இன்னொரு நிறுவனம் மூலப்பொருள் பட்டியலைப் பார்த்தே எழுதலாம். வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது.

இந்தக் கணக்கு எங்கே தொடங்கியது என்று பார்த்தால், முயலின் காதில்! முயல் காதின் உட்புறத்தில் பொருளைப் பூசி, துளைகள் அடைபடுகிறதா என்று பார்த்தார்கள். 1989-ல் ஜேம்ஸ் ஃபுல்டன் என்ற தோல் மருத்துவர் இந்த முறையில் நிறைய மூலப்பொருட்களுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்துப் பட்டியல் வெளியிட்டார். 0 என்றால் அடைக்காது, 5 என்றால் நன்றாக அடைக்கும். இன்று இணையத்திலும் ரீல்ஸிலும் சுற்றும் 'பரு வரவைக்கும் பொருட்கள் லிஸ்ட்' பெரும்பாலும் இந்த மாதிரியான பட்டியல்களின் வாரிசுதான்.

சிக்கல் என்னவென்றால், முயலின் காது மனிதத் தோலை விடச் சீக்கிரம் அடைபடும். அதோடு, தனியாகப் பூசும்போது அடைக்கும் ஒரு பொருள், ஃபவுண்டேஷனில் கொஞ்சமாகக் கலந்திருக்கும்போது அதே வேலையைச் செய்யும் என்று சொல்ல முடியாது. 2006-ல் ஜோயி ட்ரேலோஸ், ஜோசப் டினார்டோ இருவரும் மனிதர்களின் தோலில் செய்த ஆய்வு இதைத்தான் காட்டியது. அடைக்கும் என்று பேர் வாங்கிய பொருட்கள் கலந்த தயாரிப்புகள் எல்லாமே துளைகளை அடைத்துவிடவில்லை.

இந்தியாவில் காஸ்மெட்டிக் பொருட்களை விலங்குகளில் சோதிப்பதும், அப்படிச் சோதித்த பொருட்களை இறக்குமதி செய்வதும் 2014-லேயே தடை செய்யப்பட்டுவிட்டன.

அப்படியானால் லேபிளே வேஸ்ட்டா? இல்லை. இரண்டு பொருட்களில் ஒன்றை எடுக்க வேண்டும் என்றால், நான்-காமெடோஜெனிக் என்று எழுதியதை எடுப்பது நல்ல தொடக்கம். அது உத்தரவாதம் இல்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஏமாற்றும் மற்ற மூன்று வார்த்தைகள்

ஆயில்-ஃப்ரீ: எண்ணெய் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஐசோபுரொபைல் மிரிஸ்டேட் போன்ற, கணக்குப்படி எண்ணெய் இல்லாத ஆனால் துளையை அடைக்கக்கூடிய பொருள் உள்ளே இருக்கலாம்.

நேச்சுரல், ஹெர்பல்: தேங்காய் எண்ணெயும் கோகோ பட்டரும் இயற்கைதான். பரு வரும் முகத்தில் இரண்டுமே அடைப்பை உண்டாக்கக்கூடியவை.

டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டட்: ஒரு தோல் மருத்துவர் மேற்பார்வையில் ஏதோ ஒரு சோதனை நடந்தது என்று அர்த்தம். எத்தனை பேரிடம், என்ன சோதனை, பரு உள்ளவர்களிடம் செய்தார்களா என்பதெல்லாம் அந்த வார்த்தையில் இல்லை.

டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பது எப்படி?

முன்பக்கம் விளம்பரம். பின்பக்கம்தான் விஷயம். இந்தியாவில் விற்கும் காஸ்மெட்டிக் பொருட்களில் மூலப்பொருள் பட்டியல் இருக்க வேண்டும். 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருட்களை அளவு அதிகமானது முதலில் வரும்படி வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. அதனால் முதல் ஐந்தாறு பெயர்களைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

முதல் சில பெயர்களுக்குள் இவை வந்தால், பரு வரும் சருமத்துக்கு வேறு பொருள் தேடுவது நல்லது:

• ஐசோபுரொபைல் மிரிஸ்டேட், ஐசோபுரொபைல் பால்மிடேட், மிரிஸ்டைல் மிரிஸ்டேட்

• தேங்காய் எண்ணெய், கோகோ பட்டர், வீட் ஜெர்ம் ஆயில்

• அசிட்டிலேட்டட் லானோலின் ஆல்கஹால்

பட்டியலின் கடைசியில், துளியூண்டு அளவில் இருந்தால் அதற்காகப் பயந்து பொருளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

அதே போல, தேவையில்லாமல் கெட்ட பேர் வாங்கியவையும் உண்டு. டைமெத்திக்கோன் போன்ற சிலிக்கோன்கள் 'முகத்தை மூச்சுமுட்ட வைக்கும்' என்று சொல்வார்கள். தோல் மூச்சு விடுவது துளை வழியாக இல்லை. டைமெத்திக்கோன் பொதுவாகத் துளைகளை அடைப்பதில்லை, பரு உள்ளவர்களுக்கான பல தயாரிப்புகளில் அதுதான் அடிப்படையே. டைட்டானியம் டையாக்சைடு, ஜிங்க் ஆக்சைடு, நிறத்துக்குச் சேர்க்கும் இரும்பு ஆக்சைடு ஆகியவையும் பொதுவாகப் பிரச்னை செய்யாதவை.

எதை எடுக்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

ஃபவுண்டேஷன்: தண்ணீர் அல்லது சிலிக்கோன் அடிப்படையிலான லிக்விட், மினரல் பவுடர், டின்டட் சன்ஸ்க்ரீன் - இவை நல்ல தேர்வு. ஸ்டிக், கெட்டியான க்ரீம், மெழுகு மாதிரி இருக்கும் பேன் ஃபவுண்டேஷன் இவற்றைத் தினசரிக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். மினரல் பவுடரில் பிஸ்மத் ஆக்சிகுளோரைடு இருந்தால் சிலருக்கு, முக்கியமாக வியர்க்கும்போது, அரிப்பு வரும். சென்னை வெயிலுக்கு இதைக் கவனிப்பது நல்லது.

கன்சீலர்: முகம் முழுக்க இரண்டு கோட் ஃபவுண்டேஷன் போடுவதை விட, முகம் முழுக்க மெல்லியதாக ஒன்று, பரு இருக்கும் இடத்தில் மட்டும் புள்ளியாகக் கன்சீலர். இதுதான் கணக்கு. பரு சிவப்பாகத் தெரிந்தால் லேசான பச்சை நிறக் கரெக்டர், பழுப்புத் தழும்பாக இருந்தால் ஆரஞ்சு அல்லது பீச் நிறம். நம் ஊர் மாநிறத்துக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் தேவைப்படும். நிறம் சரியாக அமைந்தால் கெட்டியாக அப்ப வேண்டிய அவசியமே வராது.

பிரைமர்: கட்டாயம் இல்லை. ஒவ்வொரு அடுக்கும் கழுவி எடுக்க வேண்டிய இன்னொரு அடுக்கு. எண்ணெய் அதிகம் வழிகிறது என்றால் நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் மேட் பிரைமர் போதும்.

பவுடர்: எண்ணெய் வழியும்போது அதன் மேலேயே காம்பாக்டை அடுக்கிக்கொண்டே போவது நம் பழக்கம். முதலில் டிஷ்யூ அல்லது ப்ளாட்டிங் பேப்பரால் ஒற்றி எடுத்து, பிறகு லேசாகப் பவுடர் போட வேண்டும். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும்.

ப்ளஷ், ஹைலைட்டர்: க்ரீமை விடப் பவுடர் வகை பாதுகாப்பு. கன்னத்தில் மட்டும் விடாமல் பொரி வருகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

லிப் பாம், லிப்ஸ்டிக்: உதட்டு ஓரத்தில் கரும்புள்ளி வருகிறதா? மெழுகும் எண்ணெயும் நிறைந்த லிப் பாம் உதட்டைத் தாண்டிப் படுவது காரணமாக இருக்கலாம்.

சன்ஸ்க்ரீன்: 'ஒட்டுது, பரு வருது' என்று இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். ஆனால் நம் நிறத் தோலில் பரு போனாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் அது இன்னும் கருக்கும். ஜெல் அல்லது லைட் லோஷன் வகையில் எஸ்.பி.எஃப். 30-க்கு மேல் எடுக்கலாம். இரும்பு ஆக்சைடு கலந்த டின்டட் சன்ஸ்க்ரீன் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். தழும்புக்கும் நல்லது, ஃபவுண்டேஷன் வேலையையும் பாதி செய்துவிடும்.

மேக்கப்பைத் திட்டும் முன் தலைமுடியைப் பாருங்கள்

நெற்றியிலும் காதோரத்திலும் மட்டும் வரிசையாகப் பொரி வருகிறதா? ஃபவுண்டேஷன் காரணமாக இல்லாமல் இருக்கலாம். தலைக்கு வைக்கும் எண்ணெய், ஹேர் சீரம், ஜெல் நெற்றிக்கு வழிந்து துளைகளை அடைப்பது புதிய விஷயமே இல்லை. 1970-லேயே மருத்துவ இதழில் 'பொமேட் ஆக்னி' என்ற பெயரில் இது பதிவாகியிருக்கிறது. 'பொமேட்' என்பது தலைமுடிக்குப் போடும் எண்ணெய்ப் பசையான பூச்சு.

எண்ணெய் வைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேய்த்து அலசிவிடலாம். ராத்திரி முழுக்க வைத்திருந்தால் எண்ணெய் தலையணை உறைக்குப் போய், அங்கிருந்து கன்னத்துக்கு வரும். கண்டிஷனரை அலசிய பிறகு முகத்தைக் கழுவுவதும் உதவும்.

பரு மருந்து போடுபவர்கள் மேக்கப் போடலாமா?

போடலாம். 2005-ல் ஜப்பானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், சிகிச்சையில் இருந்த பெண்களுக்குப் பொருத்தமான மேக்கப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். பரு அதிகமாகவில்லை. அவர்களுடைய வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. முகத்தைப் பார்த்து யாராவது ஏதாவது கேட்பார்களோ என்று வெளியே போகவே கூச்சப்படும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வரிசை மட்டும் சரியாக இருக்க வேண்டும். முகம் கழுவி, மருந்து, அது காய்ந்ததும் லேசான மாய்ஸ்சரைசர், பிறகு சன்ஸ்க்ரீன், சில நிமிடங்கள் விட்டு மேக்கப். மருந்தும் மேக்கப்பும் ஈரத்தோடு கலந்தால் திட்டுத் திட்டாக உருண்டு வரும்.

• பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்க வைக்கும். துண்டு, தலையணை உறை, டார்க் கலர் சுடிதார் கழுத்து எல்லாம் ஜாக்கிரதை.

• அடாபலீன் போன்ற ரெட்டினாய்டு மருந்துகளை ராத்திரி, சுத்தமான முகத்தில் போட வேண்டும். முதல் சில வாரங்கள் தோல் உரியும். அந்த நேரத்தில் பவுடர் போட்டால் உரிந்த தோல் இன்னும் எடுத்துக் காட்டும், லிக்விட் நல்லது. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

• ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உதடும் முகமும் வறண்டு போகும். முகத்தில் வாக்ஸிங் செய்யவே கூடாது, தோலோடு பிய்ந்து வரலாம். இந்த மாத்திரை எடுக்கும்போது கர்ப்பம் தரிக்கவும் கூடாது.

போடுவதை விடக் கழுவுவது முக்கியம்

எவ்வளவு நல்ல பொருளாக இருந்தாலும், அதோடு தூங்கினால் வேலைக்கு ஆகாது. இங்கே நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. பஞ்சில் தேங்காய் எண்ணெயைத் தொட்டு மேக்கப்பையும் கண் மையையும் துடைத்து எடுப்பது. எண்ணெய் மேக்கப்பைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் துடைத்துவிட்டு அப்படியே படுத்துவிட்டால் அந்த எண்ணெயே ராத்திரி முழுக்க முகத்தில் இருக்கும்.

பரு உள்ளவர்கள் மைசெல்லார் வாட்டர் அல்லது தண்ணீர் பட்டதும் பால் மாதிரி மாறிக் கழுவ வரும் க்ளென்சரால் முதலில் மேக்கப்பை எடுத்து, பிறகு மென்மையான ஃபேஸ் வாஷால் ஒரு முறை கழுவினால் போதும். ஸ்க்ரப் வேண்டாம். எலுமிச்சை, டூத் பேஸ்ட், பேக்கிங் சோடா வேண்டவே வேண்டாம். இவை எரிச்சலை உண்டாக்கித் தழும்பைத்தான் மிச்சம் வைக்கும். ஒரு நாளைக்கு ஆறு முறை முகம் கழுவுவதும் இதே தப்புதான்.

பிரஷ், ஸ்பாஞ்ச், பவுடர் பஃப் மூன்றையும் வாரம் ஒரு முறையாவது சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய வைக்க வேண்டும். ஈரமான ஸ்பாஞ்சை மூடிய பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். ஹாஸ்டலில் ஒரே காம்பாக்ட், ஒரே பஃப், நாலு முகம் என்ற கதையும் வேண்டாம். டப்பாவில் திறந்த மூடி படத்துக்குள் '12 எம்' என்று இருந்தால், திறந்த 12 மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று பொருள். எக்ஸ்பயரி தேதி வேறு, இது வேறு.

புதுப் பொருளைச் சோதிப்பது எப்படி?

ஒரே நேரத்தில் நாலு புதுப் பொருட்களைத் தொடங்கினால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்று. முதல் சில நாள் காதுக்குப் பின்புறமோ தாடையின் ஓரத்திலோ போட்டுப் பார்த்தால் அலர்ஜி தெரிந்துவிடும். பிறகு பரு அதிகம் வரும் ஒரு சின்ன இடத்தில் மட்டும் மூன்று, நான்கு வாரம். புதுப் பொரி வரவில்லை என்றால் முகம் முழுக்கப் போடலாம். தொடங்கிய தேதியை மொபைலில் குறித்து வைத்து, ஒரே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை.

விலை அதிகமானால் பரு வராது என்பதும் இல்லை. பட்ஜெட் பொருளும் ஒத்துக்கொள்ளலாம், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியதும் காலை வாரலாம்.

'ஒரே வாரத்தில் பளிச்' க்ரீம்: இங்கேதான் உண்மையான ஆபத்து

மேக்கப்பே தேவையில்லாத அளவுக்கு முகம் வெளுக்கும், பருவும் போகும் என்று சொல்லி ஃபேன்சி ஸ்டோரிலும் ஆன்லைனிலும் விற்கும் சில க்ரீம்கள், தவறாகத் தேர்ந்தெடுத்த ஃபவுண்டேஷனை விட மோசமானவை. இவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் சில நாட்களில் பரு அமுங்கி முகம் பளபளக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்து, நிறுத்தியதும் முன்பை விட மோசமாகப் பரு கிளம்பும். திரும்பப் போட்டால்தான் அடங்கும் என்ற நிலை வந்துவிடும். இதைத் தடுக்கத்தான் 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கொண்டுவந்தது.

இன்னொரு வில்லன் பாதரசம். கண் பகுதிக்கான பொருட்கள் தவிர மற்ற காஸ்மெட்டிக்கில் தற்செயலாகக் கூடப் பத்து லட்சத்தில் 1 பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது என்கிறது இந்திய விதி. ஆனால் 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில், சிவப்பழகு க்ரீம் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு கண்டுபிடிக்கப்பட்டது செய்தியானது.

தயாரிப்பாளர் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், மூலப்பொருள் பட்டியல் - இவற்றில் எது இல்லாவிட்டாலும் வாங்கக் கூடாது. ஏற்கெனவே ஸ்டீராய்டு க்ரீம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் திடீரென்று நிறுத்தாமல், டப்பாவோடு தோல் மருத்துவரிடம் போவது நல்லது.

கல்யாணம், மேடை... ஒரு நாள் கெட்டி மேக்கப் என்றால்?

முகூர்த்தமோ அரங்கேற்றமோ, ஒரு நாள் கெட்டியாகப் போடுவதால் பெரிய சேதம் வராது. தினமும் பல மணி நேரம் போட்டுக்கொண்டே இருப்பதுதான் அடைப்பை உண்டாக்குகிறது. ஆனாலும் சில முன்னேற்பாடுகள் வேண்டும். மேக்கப் ஆர்ட்டிஸ்ட்டிடம் பரு இருப்பதை முன்பே சொல்லி, ட்ரையலை ஒரு மாதத்துக்கு முன்பே வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் பயன்படுத்தும் ஸ்பாஞ்ச் இல்லாமல் புதிய ஸ்பாஞ்ச், கழுவிய பிரஷ் கேட்பது தப்பே இல்லை. கடைசி ஒரு வாரத்தில் புது ஃபேஷியல், புது க்ரீம் எதுவும் வேண்டாம். பருவைக் கிள்ளவே கூடாது. கிள்ளாத பருவைக் கன்சீலரால் மறைக்கலாம், கிள்ளிய புண்ணில் எதுவும் நிற்காது. பெரிதாக வலியோடு ஒன்று கிளம்பினால், தோல் மருத்துவரால் ஊசி போட்டுச் சில நாட்களில் அமுக்க முடியும். அது பார்லரில் செய்யும் வேலை இல்லை.

மேடைக்கு பேன்கேக் போடும் நடனக் கலைஞர்கள், ஷூட்டிங்கில் நாள் முழுக்க மேக்கப்போடு இருப்பவர்கள் வேலை முடிந்ததும் வீடு போய்ச் சேரும் வரை காத்திருக்காமல் அங்கேயே கழுவிவிடுவது நல்லது.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

• கட்டி கட்டியாக, வலியோடு பரு வருகிறது, குழி விழுகிறது என்றால் உடனே. குழித் தழும்பு விழுந்த பிறகு சரிசெய்வது, வராமல் தடுப்பதை விட ரொம்பக் கஷ்டம்.

• நெற்றி, மார்பில் ஒரே அளவில் அரிப்போடு பொரி இருந்தால் அது பூஞ்சையால் வந்ததாக இருக்கலாம். வழக்கமான பரு மருந்தில் அது போகாது.

• மாதவிடாய் ஒழுங்கில்லாமல், தாடையில் முடி வளர்ச்சியோடு பரு இருந்தால் ஹார்மோன் காரணங்களைப் பார்க்க வேண்டும். எந்த ஃபவுண்டேஷனை மாற்றியும் பயன் இருக்காது.

• சந்தேகப்பட்ட பொருட்களை எல்லாம் நிறுத்தி இரண்டு, மூன்று மாதம் ஆகியும் குறையவில்லை என்றால், மேக்கப் காரணமாக இல்லாமல் இருக்கலாம்.

டாக்டரிடம் போகும்போது தினமும் பயன்படுத்தும் எல்லாவற்றையும், தலை எண்ணெய் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது நல்ல வழி. பெயர் ஞாபகம் இல்லை என்ற பிரச்னை இருக்காது. மூலப்பொருள் பட்டியலை அவரே பார்த்து, எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று சொல்லிவிடுவார். எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.